பெண்ணுறுப்பு 'டைட்னிங்' லேசர், கதிரை, ஊசி: காசு எவ்வளவு, பிரயோசனம் எவ்வளவு?

நான் திருகோணமலை டவுனுக்குள்ள ஒரு பாமசியில 14 வருசமா வேலை செய்யிறன். டொக்டர் இல்ல, அதை முதல்லயே சொல்லிடுறன். ஆனா கவுண்டருக்குப் பின்னால நிண்டு பாத்தா சில விசயம் வடிவா விளங்கும். பெண்ணுறுப்பில வறட்சி, எரிவு, சலம் கசியிறது எண்டு வாற அக்காமார் ஆம்பிளைகள் நிக்கிற வரைக்கும் ஷாம்பு அடுக்கியிருக்கிற பக்கம் ஒதுங்கி நிண்டு, கடை காலியானதும்தான் கிட்ட வந்து கைக்குள்ள மடிச்சு வச்சிருக்கிற மருந்துத் துண்டை நீட்டுவாங்க. இப்ப துண்டுக்குப் பதிலா போனை நீட்டுறாங்க, அதில ஒரு விளம்பரம், ஒபரேசன் இல்லாம 15 நிமிசத்தில பெண்ணுறுப்பை இறுக்கி இளமையாக்குறோம் எண்டு. "இது உண்மையா பிள்ளை, இதுக்குக் காசு கட்டலாமா?" எண்டு கேப்பாங்க. ஒவ்வொருத்தருக்கும் காதுக்குள்ள சொன்னதை எல்லாருக்கும் பொதுவா இங்க எழுதுறன்.

இது என்ன ட்ரீட்மென்ட்? கத்தி வைக்காம எப்பிடிச் செய்யிறாங்க?

விளம்பரத்தில ஒரே பேர்ல வந்தாலும் நாலு வேற வேற சாமான் இது. முதலாவது லேசர், கார்பன் டைஒக்சைட் லேசர் இல்லாட்டி எர்பியம் லேசர், ஒரு மெல்லிய குழாயை உள்ளுக்கு வச்சு சுவர்ல சின்னச் சின்ன புள்ளியா சூடு குடுக்கிறது, அந்தக் காயம் ஆறேக்க புது திசு வரும் எண்டதுதான் அதுக்குப் பின்னால இருக்கிற எண்ணம். ரெண்டாவது ரேடியோ அலை, அதுவும் சூடுதான், ஆனா மேல்தோலை எரிக்காம 40 - 45 பாகை அளவுக்கு சூடாக்கும். மூண்டாவது காந்தக் கதிரை, உடுப்போடயே இருந்தாக் காணும், அடியில இருக்கிற தசையை அது தானா இறுக்கி இறுக்கி விடும். நாலாவது பி.ஆர்.பி. ஊசி, எங்கட ரத்தத்தையே எடுத்து மெசினில சுத்தி அதில ஒரு பகுதியைத் திரும்ப ஏத்துறது. நாலுக்கும் வேலை வேற, நாலுக்கும் ஆதாரமும் வேற. ஒண்டாச் சேத்து 'ரிஜுவனேசன்' (இளமையாக்கல்) எண்டு பேர் வச்சா வடிவா இருக்கும், ஆனா அது ஒரு வருத்தத்தின்ட பேரும் இல்ல, ஒரு மருந்தின்ட பேரும் இல்ல.

சரி, காசு எவ்வளவு முடியும்?

இதுதான் எல்லாரும் முதல் கேக்கிறது, ஆனா விளம்பரத்தில போட்டிருக்கிற விலை உண்மையான விலை இல்ல. லேசர் எண்டா வழமையா 3 தடவை, ஒவ்வொண்டுக்கும் இடையில 4 தொடக்கம் 6 கிழமை. அமெரிக்காவில 3 தடவைக்கும் சேத்து 1800 தொடக்கம் 3000 டொலர் வரைக்கும் சொல்லுவாங்க, அங்கயே இன்சூரன்ஸ் பெரும்பாலும் இதுக்குக் காசு குடுக்காது. அதோட முடியாது, வருசத்துக்கு ஒருக்கா 'டச் அப்' எண்டு திரும்பவும் கூப்பிடுவாங்க. கதிரை எண்டா வழமையா 6 தடவை, ஒவ்வொண்டும் 28 நிமிசம்.

இப்ப எங்கட கணக்குக்கு வாங்க. விளம்பரம் எல்லாம் கொழும்பு இல்லாட்டி சென்னை. கொழும்பு எண்டாலே ஒரு பக்கம் கிட்டத்தட்ட 260 கிலோமீற்றர், தனியாப் போக ஏலாது, தங்கச்சியையோ மகளையோ கூட்டிக்கொண்டு போகவேணும், நைட் மெயிலில போய் இறங்கினா குளிக்க உடுப்பு மாத்த ஒரு இடம் வேணும், வேலைக்கு லீவு, வீட்டில சமையலுக்கு ஆள். இதை மூண்டால பெருக்குங்க, கதிரை எண்டா ஆறால. லேசர் செய்த அடுத்த நாள் அந்த இடம் எரிவும் வீக்கமுமா இருக்கிறது வழமை, அதோட பஸ்ஸில 6 - 7 மணித்தியாலம் இருந்து வரவேணும், அந்த நோவுக்கு ஆரும் விலை போடமாட்டாங்க.

கேக்கிற நேரம் "ஒரு தடவைக்கு எவ்வளவு" எண்டு கேக்காதீங்க. "முழுசா முடிய எவ்வளவு, பேந்து வருசா வருசம் எவ்வளவு, சரிவராட்டி திரும்பத் தருவீங்களா" எண்டு கேட்டு எழுத்தில வாங்குங்க.

நீங்க செய்தீங்களா அக்கா?

செய்யல்ல, ஆனா கதவடி வரைக்கும் போனனான். 49 வயசில பீரியட்ஸ் நிண்டு, அடுத்த வருசமே எனக்கு வறட்சியும் எரிவும் தொடங்கிட்டுது, ஸ்கூட்டியில என்.சி. றோட்டால வேலைக்கு வாறதே ஒரு தண்டனை. ஒரு விளம்பரத்தைப் பாத்துட்டு கொழும்பில ஒரு இடத்துக்குப் போனன். பேர் வேண்டாம். நல்ல ஏசி, நல்ல சோபா, நல்லாச் சிரிச்சுக் கதைச்சாங்க. 3 தடவைக்கும் இண்டைக்கே கட்டினா டிஸ்கவுண்ட் எண்டாங்க, கட்டுறதெண்டா அம்மா தந்த சோடிக் காப்பை அடகு வைக்கவேணும், நான் அதுக்கும் மனசைத் தயாராக்கிட்டன். பேந்துதான் ஒண்டு உறைச்சது. அரை மணித்தியாலம் கதைச்சதில ஒருத்தரும் என்னைப் பரிசோதிக்கல்ல. கடைசியா பீரியட்ஸ் எப்ப வந்தது எண்டு கேக்கல்ல. சீனி வருத்தம் இருக்கா எண்டு கூட கேக்கல்ல. ஒரு கிரீம் குடுக்கிறதுக்கு முதல் நானே கவுண்டர்ல அதைக் கேக்கிறனான், இவ்வளவு காசு வாங்குற இடத்தில கேக்கல்ல எண்டா என்ன அர்த்தம்? யோசிச்சுச் சொல்றன் எண்டு எழும்பி வந்துட்டன்.

லேசர் உண்மையா வேலை செய்யுதா?

நல்ல ஆய்வு ஒண்டைச் சொல்றன். அவுஸ்திரேலியாவில, சிட்னியில, மெனோபாஸுக்குப் பிறகு, அதாவது பீரியட்ஸ் நிண்ட பிறகு, இப்பிடிக் கஷ்டம் இருந்த 85 பெண்களை எடுத்தாங்க. பாதிப் பேருக்கு உண்மையான கார்பன் டைஒக்சைட் லேசர், மற்றப் பாதிக்கு அதே அறை, அதே கட்டில், அதே குழாய், ஆனா வேலை செய்யாத அளவுக்கு லேசரைக் குறைச்சு வச்சாங்க. ஆருக்கு எது எண்டு அவங்களுக்குத் தெரியாது. 3 தடவை செய்து 12 மாசத்துக்குப் பிறகு கேட்டா ரெண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் எண்டு சொல்ல ஒண்டும் இல்ல. 100 புள்ளி அளவுகோல்ல லேசர் செய்தவங்களுக்குக் கஷ்டம் 17 புள்ளி குறைஞ்சிருக்கு, பொய் லேசர் செய்தவங்களுக்கு 27 புள்ளி கிட்டக் குறைஞ்சிருக்கு. 2021 ஒக்ரோபர்ல 'ஜாமா' எண்ட பெரிய மருத்துவச் சஞ்சிகையில வந்தது.

இங்கிலாந்தில வைத்தியத்துக்கு வழிகாட்டுற 'நைஸ்' நிறுவனமும் அதே 2021இல, பெண்ணுறுப்பு வறட்சிக்கு லேசரை ஆய்வுக்கு மட்டும்தான் செய்யலாம், சாதாரண வைத்தியமாச் செய்யவேண்டாம் எண்டு சொல்லிட்டுது.

நியாயமா மற்றப் பக்கத்தையும் சொல்லவேணும். லேசரையும் ஈஸ்ட்ரஜன் எண்ட பெண் ஹோர்மோன் கிரீமையும் பக்கத்தில பக்கத்தில வச்சுப் பாத்த ஒரு சின்ன ஆய்வில 6 மாசத்தில ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு சுகம் குடுத்திருக்கு. ஆனா அதில பொய் லேசர் செய்த கூட்டம் இல்ல. சரி, ரெண்டும் ஒரே அளவு எண்டே வச்சுக்கொண்டாலும், ஒண்டை டவுனிலயே வாங்கலாம், மற்றதுக்குக் காப்பை அடகு வைக்கவேணும்.

செய்த ஆக்கள் நல்லா இருக்கெண்டு சொல்றாங்களே, அவங்க பொய் சொல்றாங்களா?

இல்ல, பொய் இல்ல. அந்தச் சிட்னி ஆய்வில பொய் லேசர் செய்தவங்களும் சுகம் எண்டுதானே சொன்னாங்க. ஒருத்தர் எங்கட கஷ்டத்தைக் காது குடுத்துக் கேட்டு, கவனிச்சு, ஒண்டைச் செய்தாலே உடம்பு இளகும், காசும் குடுத்திட்டம் எண்டா மனசும் சேந்து நம்பும். அவங்கட சுகம் உண்மை. அந்தச் சுகத்தைத் தந்தது லேசர்தானா எண்டதைத்தான் அவங்கட வாயால கண்டுபிடிக்க ஏலாது.

'எஃப்.டி.ஏ. அனுமதி பெற்றது' எண்டு போட்டிருக்கே?

இதில நிறையப் பேர் ஏமாறுறாங்க. எஃப்.டி.ஏ. எண்டது அமெரிக்காவில மருந்துக்கும் மருத்துவ மெசினுக்கும் அனுமதி குடுக்கிற அரசாங்க அமைப்பு. இப்பிடியான மெசினுக்கு அமெரிக்காவில அனுமதி இருக்கு, எதுக்கு? கர்ப்பப்பை வாயிலயோ பெண்ணுறுப்பிலயோ இருக்கிற பிழையான திசுவை அழிக்க, பாலுறுப்பில வாற மருவை எரிக்க. இறுக்கமாக்க எண்டோ, வறட்சிக்கு எண்டோ, உடலுறவுச் சுகத்துக்கு எண்டோ இல்ல. 2018 ஜூலை 30ஆம் திகதி எஃப்.டி.ஏ. பகிரங்கமா எச்சரிக்கை விட்டுது, சூட்டுக் காயம், தழும்பு, உடலுறவில நோவு, மாறாத நோவு எண்டெல்லாம் முறைப்பாடு வந்திருக்கு எண்டு, இப்பிடி விளம்பரம் பண்ணின 7 கம்பனிக்குக் கடிதமும் போச்சுது. ஏற்கனவே எரியிற இடத்தில இன்னொரு தழும்பு வந்தா என்ன செய்யிறது எண்டு ஒருக்கா யோசிச்சுப் பாருங்க.

எனக்கு வறட்சி, எரிவு, மனுசன் கிட்ட வந்தாலே நோவு. பிறகு என்னதான் செய்யிறது?

வயசு 45 தாண்டி, பீரியட்ஸ் நிண்டு அல்லது நிக்கப்போற நேரம் எண்டா, பெரும்பாலும் ஈஸ்ட்ரஜன் குறைஞ்சதால வாறது. சுவர் மெல்லிசாகும், ஈரம் குறையும், அடிக்கடி சலக்கடுப்பும் வரும். பிள்ளைக்குப் பால் குடுக்கிற தாய்மாருக்கும் இதே மாதிரி வரும், அது பால் குடுக்கிறதை நிப்பாட்டினதும் பெரும்பாலும் தானாச் சரியாகும்.

முதல்ல மணமில்லாத ஈரப்பதக் கிரீம், கிழமைக்கு 2 - 3 தரம். உடலுறவு நேரம் ஜெல். தேங்காயெண்ணெய் கனபேர் பாவிக்கிறாங்க, ஆனா கொண்டம் பாவிக்கிற ஆக்கள் எண்ணெய் பக்கம் போகவேண்டாம், றப்பர் கிழிஞ்சிடும். சவர்க்காரம், டெட்டோல், வாசனைக் கழுவல் இதெல்லாம் உள்ளுக்குப் படவே கூடாது.

அதுக்கும் கேக்காட்டி ஈஸ்ட்ரஜன் கிரீம் இல்லாட்டி உள்ளுக்கு வைக்கிற குளிசை, டொக்டர்ட துண்டோடதான். எனக்கு இதுதான் தந்தது. கொழும்பால வந்த அடுத்த கிழமை பெண்நோய் கிளினிக்குக்குப் போனன், பரிசோதிச்சாங்க, 10 நிமிசத்தில துண்டு கையில. ரெண்டு மூண்டு கிழமைக்கு ஒவ்வொரு ராவும், பேந்து கிழமைக்கு 2 தரம். முதல் கொஞ்ச நாள் பூசேக்க எரிஞ்சது, விட்டுடுவமோ எண்டு கூட நினைச்சன். மூண்டாம் கிழமை ஒரு நாள் ஸ்கூட்டியை நிப்பாட்டிப் போட்டு இறங்கேக்கதான் இண்டைக்கு எரியல்லையே எண்டு யோசிச்சன். முழுப் பலன் தெரிய 12 கிழமை வரைக்கும் போகலாம், நிப்பாட்டினா திரும்பவும் வரும், அதையும் தெரிஞ்சுகொண்டு தொடங்குங்க.

பெட்டிக்குள்ள இருக்கிற பேப்பரை வாசிச்சுப் பயந்து கிரீமைத் திருப்பிக் கொண்டுவாற ஆக்கள் இருக்கினம். அதில கான்சர், பக்கவாதம் எண்டெல்லாம் எழுதியிருக்கிறது பெரும்பாலும் வாயால குடிக்கிற ஹோர்மோன் குளிசை பற்றி 2002இல வந்த பெரிய ஆய்வை வச்சு. உள்ளுக்குப் பூசுற கிரீமில ரத்தத்துக்குப் போற அளவு சரியான குறைவு. பயம் எண்டா டொக்டரிட்டயே அந்தப் பேப்பரைக் காட்டிக் கேளுங்க, குப்பையில போடாதீங்க.

மார்பகப் புற்றுநோய் வந்து சுகமான ஆள் நான். கிரீம் பாவிக்கலாமா?

நீங்களா தொடங்கவேண்டாம், உங்கட கான்சர் டொக்டரிட்டக் கேளுங்க, முக்கியமா நீங்க இப்ப என்ன குளிசை குடிக்கிறீங்க எண்டதைப் பொறுத்து பதில் மாறும். ஹோர்மோன் இல்லாத ஈரப்பதக் கிரீமும் ஜெல்லும் உங்களுக்குப் பயமில்ல. "உங்களுக்கு ஹோர்மோன் ஏலாது, அதால லேசர்தான் ஒரே வழி" எண்டு ஆரும் சொன்னா அந்தக் கதையையும் அதே டொக்டரிட்டக் கொண்டுபோங்க.

தும்மினா, சிரிச்சா, தண்ணிக் குடம் தூக்கினா சலம் கசியுது. கதிரை நல்லதாமே?

சலம் கசியிறதுக்கு முதல் வைத்தியம் அடித்தசைப் பயிற்சி. காசு ஒரு சதமும் இல்ல. காத்துப் போறதை அடக்குற மாதிரி உள்ளுக்கு இழுத்துப் பிடிக்கிறது, வயிறும் தொடையும் இறுகக் கூடாது, மூச்சைப் பிடிக்கக் கூடாது. ஒரு முறைக்கு 8 தரம், நாளைக்கு 3 முறை, ஆகக் குறைஞ்சது 3 மாசம். ஆய்வு எல்லாத்தையும் சேத்துப் பாக்கிற கொக்ரேன் எண்ட அமைப்பு 2018இல வெளியிட்ட தொகுப்பில, இப்பிடிக் கசிவு இருந்து பயிற்சி செய்தவங்களில 100க்கு 56 பேர் சுகமாயிட்டுது எண்டு சொல்லியிருக்காங்க, ஒண்டும் செய்யாதவங்களில 6 பேர்தான். நான் சோறு வெந்து கொண்டிருக்கிற நேரம் குசினியில நிண்டே செய்யிறனான். சலம் போய்க்கொண்டிருக்கேக்க நிப்பாட்டிப் பழகவேண்டாம், அது கூடாது.

கதிரையும் அதே தசைக்குத்தான் வேலை குடுக்குது, நீங்க செய்யிறதை மெசின் செய்யும். சிலருக்குக் குறைஞ்சிருக்கு. ஆனா கன காலத்துக்கு நிக்குமா எண்டதுக்கு ஆதாரம் பத்தாது. ஒரு முக்கியமான விசயம், எங்கட ஊரில கனபேர் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக்கில பிள்ளை தங்காம இருக்க 'லூப்' போட்டிருக்காங்க, அதில செம்பு இருக்கு. செம்பு லூப், பேஸ்மேக்கர், உடம்புக்குள்ள உலோகத் தகடு இருக்கிற ஆக்கள் அந்தக் கதிரையில இருக்கக் கூடாது. கேக்காட்டியும் நீங்களாச் சொல்லுங்க.

ரெண்டு சுகப்பிரசவம். லூசாயிட்டுது எண்டு இவர் சொல்றார்.

பெண்ணுறுப்பு ரப்பர் பான்ட் இல்ல தங்கச்சி, பாவிக்கப் பாவிக்க இழுபட்டுப் போறதுக்கு. பிள்ளை பெத்தா அடித்தசை இழுபடும், கிழிஞ்சு தையலும் போடுவாங்க, பெரும்பாலும் மாசக்கணக்கில திரும்ப வரும், பயிற்சி அதுக்கும் உதவும். ஆனா கீழ்நோக்கி ஒரு பாரம், ஏதோ வெளியில வாற மாதிரி, பின்னேரம் ஆக ஆகக் கூடுது எண்டா அது கர்ப்பப்பை இறக்கமா இருக்கலாம், அதுக்கு லேசர் ஒண்டும் செய்யாது, உள்ளுக்கு வைக்கிற வளையம் இருக்கு, தேவைப்பட்டா ஒபரேசன் இருக்கு, அரசாங்க ஆஸ்பத்திரியிலயே பாக்கலாம்.

உங்களுக்கு ஒண்டும் இல்ல, அவர் சொல்றதால மட்டும்தான் வந்தீங்க எண்டா, அந்தக் காசை எடுக்காதீங்க. இதை நான் கவுண்டர்லயும் இதே மாதிரித்தான் சொல்றனான். ஒரு பிள்ளை என்னட்ட வந்து இதைக் கேக்கேக்க கைக்குழந்தைக்கு 7 மாசம், அவளுக்குச் சரியா நித்திரை கூட இல்ல, சீட்டுக் காசை எடுத்து இதுக்குக் கட்டப் பாத்தாள். எனக்கு அழுகையே வந்தது. நோவு இருந்தா உங்களுக்காகப் போய்க் காட்டுங்க, வேற ஒருத்தர்ட வாய்க்குப் பயந்து உடம்பைச் சுடவேண்டாம்.

கலியாணத்துக்கு முதல் இறுக்கம் பண்ணவேணுமா?

வேண்டவே வேண்டாம். ஒரு பொம்பிளைப் பிள்ளை உடலுறவு கொண்டவளா இல்லையா எண்டு பரிசோதிச்சுச் சொல்ல எந்த வழியும் இல்ல, 2018இல உலக சுகாதார ஸ்தாபனமே கன்னித்தன்மைப் பரிசோதனையை உலகம் முழுக்க நிப்பாட்டச் சொன்னது. முதல் தரம் ரத்தம் வராத பெண்கள் எக்கச்சக்கம்.

வேது பிடிக்கிறது, படிகாரம், ஒன்லைனில விக்கிற ஜெல்?

பிள்ளைப்பெத்த வீட்டில வேது பிடிக்கிறது எங்கட ஆக்கள்ட பழக்கம், அதைக் குறை சொல்லல்ல. ஆனா கொதிதண்ணி ஆவிக்கு மேல குந்தி நேர அந்த இடத்துக்கு ஆவி பிடிக்கிறது வேற. கனடாவில 62 வயசு அம்மா ஒராள் அப்பிடிச் செய்து வெந்த காயத்தோட ஆஸ்பத்திரிக்குப் போனது மருத்துவச் சஞ்சிகையில வந்திருக்கு. படிகாரம், 'டைட்' ஜெல் எல்லாம் ஈரத்தை உறிஞ்சி சுவரைச் சுருக்கி விடும், இறுகின மாதிரித் தெரியும், உண்மையில அது வறண்டு புண்ணாகத் தொடங்குறது.

எனக்குக் கடியும் வெள்ளைபடுறதும்தான். லேசர் கேக்குமா?

இல்ல. முதல்ல சீனியைப் பாருங்க. சீனி கூடினா பூஞ்சணம் திரும்பத் திரும்ப வரும். அதோட எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் எண்ட சீனிக் குளிசைகள் சலத்தோட சீனியை வெளியேத்துறது, அதாலயும் அந்த இடத்தில கடி வரும். குளிசையை நீங்களா நிப்பாட்டாதீங்க, டொக்டரிட்டச் சொல்லுங்க. வெள்ளைத் திட்டு மாதிரித் தோல் மாறிக் கடிச்சாலும் காட்டவேணும், அது வேற தோல் வருத்தமா இருக்கலாம்.

திருகோணமலையில எங்க போறது?

பக்கத்து எம்.ஓ.எச். ஒபிஸில வெல் வுமன் கிளினிக் நடக்கும், காசில்ல. 35 வயசிலயும் 45 வயசிலயும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்குக் கூப்பிடுறதும் அங்கதான். எந்தக் கிழமை எண்டு உங்கட ஏரியா மிட்வைஃப் சொல்லுவா. அங்கயிருந்து பெரியாஸ்பத்திரி வி.ஓ.ஜி. (பெண்நோய் டொக்டர்) கிளினிக்குக்குத் துண்டு தருவாங்க. மூதூர், கிண்ணியா, நிலாவெளி ஆக்களும் உங்கட எம்.ஓ.எச்.இலயே தொடங்கலாம். அவசரம் எண்டா பின்னேரம் காசு கட்டித் தனியாரில டொக்டரைச் சனல் பண்ணலாம், அப்பவும் லேசர்ல ஒரு தடவைக்கு முடியிறதோட பாத்தா அது சின்னக் காசு.

எல்லாம் வாசிச்சிட்டன், இருந்தாலும் லேசர் செய்யத்தான் யோசிக்கிறன்.

உங்கட உடம்பு, உங்கட காசு. ஆனா 3 மாசம் கிரீமும் பயிற்சியும் ஒழுங்காச் செய்து பாத்திட்டுப் போங்க. போனா இதைக் கேளுங்க: செய்யப்போறது ஆர், இலங்கை மருத்துவ சபையில பதிஞ்ச டொக்டரா, பெண்நோய் டொக்டரா? மெசினுக்கு என்ன பேர், அது என்.எம்.ஆர்.ஏ.இல (இலங்கையில மருந்து, மருத்துவ மெசின் பதியிற அரசாங்க அமைப்பில) எதுக்காகப் பதிஞ்சிருக்கு? சூட்டுக் காயம் வந்தா ஆர் பாக்கிறது, நான் திருகோணமலையில இருப்பன், ராவில ஆருக்குப் போன் எடுக்கிறது? இண்டைக்கே கட்டினாத்தான் விலைக்கழிவு எண்டா எழும்பி வாங்க.

பீரியட்ஸ் நிண்டு ஒரு வருசத்துக்குப் பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் லேசரும் வேண்டாம், கிரீமும் வேண்டாம், இந்தக் கிழமையே ஆஸ்பத்திரிக்குப் போங்க. அது கர்ப்பப்பைப் புற்றுநோயின்ட முதல் அடையாளமா இருக்கலாம், கெதியாப் பிடிச்சா சுகப்படுத்தலாம்.

ஆம்பிளை டொக்டர், சொல்ல வெக்கமா இருக்கு.

எனக்கும் அப்பிடித்தான் இருந்தது. வாயால சொல்லாதீங்க, வீட்டில இருந்து ஒரு துண்டில எழுதிக்கொண்டு போங்க: வயசு, கடைசி பீரியட்ஸ் எப்ப, எத்தினை பிள்ளை, எங்க எரிவு, எப்ப நோவு, சலம் கசியுதா, என்ன குளிசை குடிக்கிறன். கிளினிக் கொப்பிக்குள்ள மடிச்சு வச்சுக் குடுங்க, டொக்டர் வாசிச்சிட்டுக் கேப்பார். பரிசோதிக்கேக்க மிஸ்ஸி (நர்ஸ்) ஒராள் பக்கத்தில நிக்கவேணும் எண்டு கேக்கிற உரிமை உங்களுக்கு இருக்கு.